எழுதும் கையே பாடம்

தொலைவிலிருந்து பாடம் நடத்தும் உபாத்தியாயர், முன்கூட்டியே தயாரித்து வைத்த பக்கங்களைத் திரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டு போவதைக் காட்டிலும், டேப்லெட்டின் மீது பேனாவைப் பிடித்து மாணவர் கண்முன்னே எழுதிக் காட்டுவதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். 2004-ஆம் ஆண்டில் பாஸ்டனில் இருந்துகொண்டே, நியூ ஆர்லியன்ஸில் வசித்த தம் உறவுக்காரச் சிறுமிக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய சல்மான் கான் என்பவர், 2006 முதல் தம் பாடங்களை யூடியூபில் வெளியிட்டபோது, அவற்றில் அவர் முகம் தோன்றவில்லை. கறுப்புத் திரையில் பல வண்ணங்களில் எழுத்துகள் பிறப்பதும், கூடவே அவர் குரல் ஒலிப்பதுமே உலகெங்கும் மாணாக்கரை ஈர்க்கப் போதுமானவையாயின. காரணம் வெளிப்படை: ஒரு சமன்பாட்டை விடையோடு முழுமையாகக் காட்டினால் கண் அதைக் கணத்தில் தாண்டிவிடுகிறது, இடப்புறத்து எண் சமக்குறியைக் கடந்து வலப்புறம் வருகையில் அதன் கூட்டல் குறி கழித்தலாக மாறுவதை ஆசிரியரின் கை சற்று நிதானித்து எழுதிக் காட்டும்போதோ, சிந்தனையும் அந்தக் கையின் வேகத்துக்கு இசைந்து நடக்கிறது. ஆயினும், பார்ப்பவர்களில் பலரிடம் இருப்பது உள்ளங்கையளவு கைப்பேசிதான் என்பதை மறந்து பொடி எழுத்தால் திரையை நிரப்புவதும், நோட்டில் எழுதிக்கொள்ள அவகாசம் தராமல் ஒரே தொடுகையில் பக்கத்தைத் துடைத்துவிடுவதும் சாதனத்தின் தோஷமல்ல, நம் அவசரத்தின் தோஷமே. ஆகவே, இணையவழிப் போதனைக்கெனப் பணம் செலவிட முன்வரும் பள்ளி நிர்வாகங்கள், ஆசிரியரின் முகத்தைத் துலக்கமாகக் காட்டும் காமிராவைக் காட்டிலும், அவர் எழுத்தைக் காட்டும் இக்கருவிக்கே முதலிடம் தருதல் வேண்டும்.