தானம் வேறு, உரிமை வேறு

வாரந்தோறும் கூடி, கண் முகாம், ரத்த தானம் என்று சேவை செய்யும் ரோட்டரி சங்கங்களை நாம் பழிக்கவில்லை. 1905-ல் சிகாகோவில் வக்கீல் பால் ஹாரிஸ் துவக்கியது அது. உறுப்பினர்களின் அலுவலகங்களில் மாறி மாறிச் சுழற்சியாகக் கூடியதால்தான் அந்தப் பெயர்.

1985 முதல் போலியோ ஒழிப்புக்கு ரோட்டரி பணமும் ஆளும் தந்தது. இயற்கைப் போலியோ கிருமி இந்தியாவில் கடைசியாகத் தாக்கியது 2011 ஜனவரியில். நல்ல காரியம்தான். ஆனால் வீடு வீடாக நடந்து சொட்டு மருந்து கொடுத்தவர்கள் யார்? அங்கன்வாடிப் பெண்களும் சுகாதார ஊழியர்களும் அல்லவா! சர்க்கார் திட்டமானதால்தான் மருந்து கடைசிக் குடிசையையும் எட்டியது.

பாலசமுத்திரம் வயலில் களை எடுக்கும் பெண்ணை, முகாம் நாள் பார்த்தா பாம்பு கடிக்கிறது?

1948-ன் ஈ.எஸ்.ஐ. சட்டம் மில் தொழிலாளிக்கு வைத்தியத்தை உரிமையாக்கியது. அவர் சந்தா கட்டினார். யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. வயல் கூலிக்கு அந்தச் சட்டம் கதவு திறக்கவில்லை.

ஆகவே தோழர்களே! முகாமுக்குப் போங்கள், கண்ணாடி கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். இரவிலும் டாக்டர் இருக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரி வேண்டுமென்று மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் சேர்ந்து கேளுங்கள். கொடுப்பவர் மனம் மாறினால் தானம் நின்றுவிடும். போராடிப் பெற்ற உரிமையே நிலைக்கும்.