கொடி பிடித்து நிற்கிறவர்



அடிலெய்டு நகரத்துத் தமிழ்ச் சபையார் அழைத்ததின்பேரில் சென்ற மாதம் ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்தேன். ஆராதனைக்கு முந்தின நாள் சபை மூப்பர் ஒருவர் பரோசா பள்ளத்தாக்கின் திராட்சத்தோட்டங்களைக் காட்ட அழைத்துச் சென்றார். யோவான் 15-ஆம் அதிகாரத்தை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். நறுக்கி விடப்பட்ட கொடிகளைக் கண்ணுக்கெட்டிய தூரம் கண்டது அன்றுதான். பிரஷ்ய மன்னரின் ஆராதனைச் சட்டத்துக்கு உடன்படாமல் தாய்நாட்டை விட்டு வந்த லுத்தரன் விசுவாசிகள் 1842-இல் அங்கே பெத்தானி என்னும் கிராமத்தை அமைத்தார்கள். அவர்கள் வந்து சேரப் பொருளுதவி செய்த ஜார்ஜ் ஃபைஃப் ஆங்கஸ் என்பவரின் பெயரையே அருகிலுள்ள ஆங்கஸ்டன் ஊர் தாங்கி நிற்கிறது.

அவ்வூரை நெருங்கும்போது மலைச்சரிவிலிருந்து என்ஜின் முழக்கம் கேட்டது. மூப்பர் சற்றே தயங்கினார். "ஐயா தவறாக நினைக்கவில்லையென்றால், என் மகன் அங்கே கொடி பிடிக்கிறான், ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகலாமா?" என்றார். அவர் தயங்கியதற்குக் காரணம் உண்டு. வேகத்தைப் பற்றிய என் பிரசங்கத்தை அவர் கேட்டிருந்தார்.

உங்களில் பலருக்கும் அது நினைவிருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன், இரவில் நெடுஞ்சாலையில் பைக் பந்தயம் ஓடிய நம் சபை வாலிபன் ஒருவனை அடக்கம் செய்தோம். அடுத்த ஞாயிறே, வேகம் பிசாசின் கண்ணி என்று பிரசங்கித்தேன். அவனோடு அந்த இரவில் ஓட்டிய இருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பாதியில் எழுந்து போனவர்கள் திரும்பி வரவில்லை. அதை அவர்களுடைய இருதயக் கடினம் என்றே எண்ணிக்கொண்டேன்.

காலிங்குரோவ் மலையேற்றப் பாதை 1952 முதல் உள்ளது. நீளம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு நேரத்தில் ஒரே வண்டி. எதிரே யாரும் வருவதில்லை. பின்சக்கரத்துக்கு ஆப்பு வைத்து நிறுத்துகிறார்கள். ஒளிக்கற்றையைக் கடக்கும் கணத்தில் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. வேகமான வண்டிகள் அரை நிமிடத்துக்குள் உச்சியில் இருக்கின்றன. அந்த அரை நிமிடத்துக்காக வண்டியையும் தலைக்கவசத்தையும் தீப்பிடிக்கா உடையையும் சோதித்துப் பார்த்த பிறகே ஓட விடுகிறார்கள்.

மூப்பரின் மகன் ஒரு வளைவில் நின்றான். புறப்படும் இடமும் அவனுக்குத் தெரியாது, முடியும் இடமும் தெரியாது. தன் வளைவும், அடுத்த வளைவில் நிற்கிறவரும்தான் தெரியும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் ஒரு வண்டி சறுக்கிச் சுழன்று புல்லில் ஏறி நின்றது. உடனே அவன் கொடியை உயர்த்தினான். கீழே அடுத்த வண்டி நிறுத்தப்பட்டது. அவன் ஓடிப்போய் முதலில், "அடிபட்டதா?" என்றுதான் கேட்டான். ஏன் இவ்வளவு வேகம் என்று ஒருவரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மதியத்துக்குப் பின் அதே மனிதர் மீண்டும் ஏறினார். ஐந்து நிமிடத்துக்கு என்று போன நாங்கள் அதுவரை அங்கேயே இருந்துவிட்டோம்!

பணமும் பெட்ரோலும் வீண் என்பீர்கள். அந்தக் கணக்கில் எனக்கும் சந்தேகம் உண்டு. ஆனாலும் நான் பேசியது பிழை என்று அந்தச் சரிவில் எனக்கு உறைத்தது. எச்சரித்தது பிழையன்று. வண்டி கவிழ்ந்த பின்பு, அடிபட்டவர்களைப் பார்த்து எச்சரித்தேன். நம் பிள்ளைகள் இரவில் வண்டியை எடுத்துப் போவது அவர்கள் தெருவாருக்கும் தெரியும், வாலிபர் ஐக்கியத்துக்கும் தெரியும். எனக்கும் காதில் விழுந்திருந்தது. அந்த வளைவில் நம்மில் ஒருவரும் நிற்கவில்லை. எபிரெயர் 12-ஆம் அதிகாரத்து ஓட்டத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தோம்.

ஊர் திரும்பியதும், சென்ற செவ்வாய்க்கிழமை, அவ்விருவரில் ஒருவனின் வீட்டுக்குப் போனேன். தாயார் காப்பி கொடுத்தார். அவன் அறையை விட்டு வெளியே வரவில்லை. திண்ணையோரம் பைக் நின்றது; கண்ணாடியில் தலைக்கவசம் தொங்கியது. "அதை அவனே வாங்கினான் ஐயா" என்றார் தாயார். வருகிற செவ்வாயும் போகிறேன்.