இசைப் பக்கம்: பழைய கிற்றார் வாங்கப் போகிறீர்களா?



சென்ற மார்கழியில் கரோல் பயிற்சி முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் இசைக் குழுவில் ஒரு தம்பி மட்டும் முகம் வாடி நின்றான். வீட்டில் இறக்கிவிடும் வழியில்தான் வாய் திறந்தான். இணையத்தில் ஒரு ஹொலோபொடி எலெக்ட்ரிக் கிற்றார் 450 டொலருக்கு வந்ததாம். "இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள், 200 அனுப்பினால் உனக்கு எடுத்து வைக்கிறேன்" என்று விற்பவர் எழுதியிருக்கிறார். இவனும் ஈ-ட்ரான்ஸ்ஃபரில் அனுப்பிவிட்டான். அன்றிரவே விளம்பரமும் இல்லை, ஆளும் இல்லை. வார இறுதிகளில் கோப்பிக் கடையில் நின்று உழைத்த காசு. அப்பாவிடம் சொல்லப் பயம்.

அந்தக் கிற்றாரில் அவனுக்கு ஆசையை மூட்டியவர்களே நாங்கள்தான். ஆசையை மட்டும் சொன்னோம், வாங்கும் விதத்தைச் சொல்லவில்லை. அதனால்தான் இம்மாதப் பக்கம் முழுவதும் இதற்கே.

ஹொலோபொடி என்றால், உடல் உள்ளே கூடாக இருக்கும் எலெக்ட்ரிக் கிற்றார். மேற்பலகையில் எஃப் எழுத்தைப் போல இரண்டு துளைகள் இருக்கும். மின்சாரம் இல்லாமலே அறைக்குள் ஓரளவு கேட்கும். இரவில் வீட்டாரை எழுப்பாமல் பயிற்சி செய்யலாம். ஒலி இளஞ்சூடாக, உருண்டையாக வரும். கீர்த்தனைக்கும் ஞானப்பாட்டுக்கும் அது நன்றாக இணங்குகிறது என்பது எங்கள் அனுபவம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எஃப் துளை உள்ளதெல்லாம் ஒன்றல்ல. 1958இல் கிப்சன் வெளியிட்ட ஈஎஸ்-335இன் உடலுக்குள் நடுவே ஒரு மரக்கட்டை ஓடுகிறது. அது பாதிக் கூடு. பார்ப்பதற்கு அதைப் போலவே இருக்கும் எபிஃபோன் கசினோவில் அந்தக் கட்டை இல்லை. அது முழுக் கூடு. பீட்டில்ஸ் குழுவில் மூவர் வைத்திருந்தது அதைத்தான். முழுக் கூடு அம்ப்ளிஃபயருக்கு முன்னால் நின்றால் ஊளையிடும். ஸ்பீக்கரின் ஒலி மேற்பலகையை அதிரச் செய்ய, அந்த அதிர்வு பிக்கப் வழியாக மறுபடி ஸ்பீக்கருக்கே போகிறது. எங்கள் மண்டபத்தில் ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் சத்தத்தைக் கூட்டி வைத்து வாசிப்பவர்களுக்குப் பாதிக் கூடே புத்தி. முழுக் கூடுதான் வேண்டுமென்றால் அம்ப்ளிஃபயருக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள், பேஸைக் குறையுங்கள், துளைகளுக்குள் துணியை அடையுங்கள். சிரிக்க வேண்டாம், பி. பி. கிங்கே துவாய் அடைத்துத்தான் வாசித்தார். பின்னர் கிப்சன் அவர் பெயரில் செய்த கிற்றாரில் எஃப் துளையே வைக்கவில்லை.

மலிவான கிற்றார்களில் ஐபனெஸ் ஆர்ட்கோர், எபிஃபோன் டொட், கிரெட்ஷ் ஸ்ட்ரீம்லைனர் ஆகியவை பழையதாக அடிக்கடி கிடைக்கின்றன. "இது முழு மரம் இல்லை, ஒட்டுப்பலகை" என்று யாராவது மூக்கைச் சுளித்தால் விட்டுவிடுங்கள். ஜாஸ் வாசிப்பவர்கள் கொண்டாடும் ஈஎஸ்-175உம் ஒட்டுப்பலகையில் செய்ததுதான். நம் குளிருக்கு அது நல்லதும்கூட, எளிதில் வெடிக்காது.

இனி வாங்குவது. கையில் எடுத்து வாசிக்காத கிற்றாருக்கு ஒரு டொலரும் அனுப்பாதீர்கள். ஈ-ட்ரான்ஸ்ஃபர் மறுபக்கத்தில் வரவு வைக்கப்பட்டுவிட்டால் பொதுவாகத் திரும்பாது. அவசரப்படுத்துகிறவரிடம், "வேறு யாருக்காவது கொடுங்கள்" என்று சொல்லப் பழகுங்கள். பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சந்தியுங்கள். மின்சாரப் பிளக் உள்ள இடமாக இருக்கட்டும்; ஒரு சிறிய அம்ப்ளிஃபயரைக் கொண்டு போங்கள்.

முதலில் தலைப்பகுதியின் பின்புறம், கழுத்தோடு சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். கீழே விழுந்த கிற்றார் பெரும்பாலும் அங்கேதான் உடைந்து ஒட்டப்பட்டிருக்கும். விரல் நகத்துக்கு அந்தக் கோடு அகப்படும். பிறகு கைத்தொலைபேசியின் டோர்ச்சை எஃப் துளைக்குள் பிடித்து, உள்ளே தாங்குபட்டைகள் கழன்றிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் வாசியுங்கள். குமிழ்களைத் திருப்பும்போது லேசாகக் கரகரத்தால் பெரும்பாலும் தூசிதான். ஒரு பிக்கப் ஊமையாக இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது வந்துவிடுங்கள். ஏனென்றால் இந்தக் கிற்றாருக்குப் பின்னால் மூடி கிடையாது. பிக்கப் துளை அல்லது எஃப் துளை வழியாகத்தான் எல்லாம் வெளியே வர வேண்டும். நாங்கள் ஒருமுறை குமிழ் ஒன்றை மாற்றப் போய், நூல் கட்டாமல் உள்ளே தள்ளிவிட்டு, அதைத் திரும்பப் பிடிக்க இரவு பதினொரு மணியாயிற்று. நூலைத் தண்டில் கட்டிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். திரும்ப இழுக்கும்போது அதுவே வழிகாட்டும்.

வாங்கிய கையோடு பிக்கப் மாற்ற வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். ஆறு மாதம் பொறுங்கள். முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள். தட்டையாகச் சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் கம்பி போட்டாலே கிற்றார் வேறு குரலில் பேசும். ப்ரிட்ஜ் சில கிற்றார்களில் திருகப்படாமல் சும்மா நிற்கும். அப்படியானால் எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள், ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நகர்ந்துவிட்டால், 12ஆம் ஃப்ரெட்டை அழுத்தி வாசித்த சுரமும் அதே இடத்து ஹார்மோனிக்கும் ஒத்துவரும்வரை நகர்த்துங்கள். எதை மாற்றினாலும் கழற்றியதை ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள், விற்கும் நாளில் உதவும். துளை போடும் வேலை மட்டும் வேண்டாம்.

தை மாதக் குளிரில் காரின் டிக்கியில் விட்டுவிட்டு ஆராதனைக்குள் வராதீர்கள். உள்ளே கொண்டுவந்தாலும் பெட்டியை உடனே திறக்காமல் அரை மணி நேரமாவது விடுங்கள். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று நன்றாக உலர்ந்துவிடும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் கிற்றார் சுகமாக இருக்கும்.

அந்தத் தம்பி பொங்கலுக்கு முன்பே அப்பாவிடம் சொல்லிவிட்டான். ஏசு விழுந்ததுதான், ஆனாலும் பங்குனியில் பழைய ஆர்ட்கோர் ஒன்றைப் பார்க்க அவனோடு கூடப் போனது அப்பாதான். டோர்ச் பிடித்ததும் அவரே. அதன் சுவிட்ச் இப்போதும் கொஞ்சம் கரகரக்கிறது, இந்தச் சனிக்கிழமை நூலும் கையுமாக உட்காரப் போகிறோம். உங்களில் யாராவது கிற்றார் பார்க்கப் போவதாக இருந்தால் அன்றைக்கு வந்து சொல்லுங்கள், எங்களில் ஒருவர் கூட வருகிறோம்.