எடைக்குப் போகிற சைக்கிளில் இன்னும் ஓட்டம் இருக்கிறது

எம். புதுப்பட்டி, சிவகாசி வட்டாரத்தில் எந்தப் பழைய இரும்புக் கடைக்குள் நுழைந்தாலும் இரண்டு வகை சைக்கிள்கள் கண்ணில் படும். ஒன்று, தாத்தா காலத்துக் கறுப்பு சைக்கிள்: 28 இஞ்ச் சக்கரம், குறுக்கே பார், ஹேண்டில்பாரிலிருந்து கீழிறங்கும் பிரேக் கம்பி. இன்னொன்று, பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்தது. தராசில் இரண்டுக்கும் ஒரே மரியாதைதான். கறுப்பு சைக்கிள் ஏறத்தாழ 20 கிலோ இருக்கும். ரப்பரையும் சீட்டையும் கழித்துவிட்டு, இரும்புக்கு இவ்வளவு என்று கையில் வைத்து அனுப்பிவிடுவார்கள்.

அந்தக் கணக்கில் ஒரு பெரிய பிசகு இருக்கிறது. பார் வைத்த பழைய பிரேம் உருக்குவதற்கான இரும்பு அல்ல. இன்னும் ஒரு தலைமுறை ஓடக்கூடிய சாமான். அதை எடுத்து, வேறு வேறு வண்டிகளின் பாகங்களைக் கோத்து, பெயின்ட்கூட அடிக்காமல் துருவோடு ஓட்டுவதை அமெரிக்காவில் ‘ரேட் ராட்’ என்கிறார்கள். பழைய ஃபோர்டு கார்களைப் பிரித்துக் கோத்தவர்களிடமிருந்து சைக்கிள்காரர்களுக்கு வந்த பழக்கம் அது. தடித்த டயர், அகன்று வளைந்த ஹேண்டில்பார், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வாகு என்றால் அது குரூசர். சிகாகோவின் ஷ்வின் நிறுவனம் 1933-ல் பலூன் டயர் போட்டு இறக்கிய சைக்கிள்தான் அந்த வகைக்கு மூத்தது.

அதன் பிறகு நடந்ததுதான் சுவாரசியம். 1970-களில் கலிபோர்னியாவின் மரின் கவுன்டி இளைஞர்கள், யாரும் சீந்தாத அந்தப் பழைய ஷ்வின்களைத் தேடிப் பிடித்து மலைச்சரிவில் ஓட்டினார்கள். 1976-ல் அதைப் பந்தயமாகவே ஆக்கினார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக் அந்த வண்டிகளில். ஒரு முறை மலையிறங்கினால் பின் சக்கர ஹப்பில் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து தீர்ந்துவிடும். திரும்ப கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த சுற்று. பந்தயத்துக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது அதனால்தான். கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி என்று அங்கே எண்ணெய்க் கையோடு நின்றவர்கள்தான் மவுன்டன் பைக்குக்கு வழி போட்டவர்கள். இன்று புதுப்பட்டிப் பையன் அப்பாவிடம் அடம்பிடித்துக் கேட்கிற ‘கியர் சைக்கிள்’ குப்பையில் கிடந்த இரும்பிலிருந்து பிறந்தது என்று அவனுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. பிரேம் ஒரு கம்பெனி, ரிம் இன்னொன்று, ஃப்ரீவீல் மூன்றாவது என்று வாங்கி, கடைக்காரரிடம் கொடுத்து ‘செட் பண்ணுவது’ முன்பெல்லாம் சாதாரணம். மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட சைக்கிள்களில் பாதி அப்படிச் சேர்ந்தவைதான். பெரியவர்களின் சைக்கிளில் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்கு பெடல் போட்ட பிள்ளைகளின் கதை 2024-ல் ‘குரங்கு பெடல்’ என்றே படமாக வந்தது. யாழ்ப்பாணத்தில் இதை வாழ்க்கையாகவே நடத்தினார்கள். 1990-களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோலும் பேட்டரியும் கிடைக்காமல் போனபோது ஊர் முழுக்க சைக்கிளில்தான் நகர்ந்தது. செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளை நிறுத்தி வைத்துப் பெடலைச் சுற்றினார்கள். டைனமோ மின்சாரத்தில் ரேடியோ பேசியது. அவர்கள் யாரும் ஸ்டைலுக்காகச் செய்யவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

பாகம் மாற்றிக் கோப்பது எப்படிச் சாத்தியமாகிறது? அளவுகள் ஒத்துப்போவதால்தான். பெடல் அச்சு உட்காரும் கூட்டுக்கு உலகம் முழுக்கப் பரவலாக உள்ள மரை அளவின் பெயரே பி.எஸ்.ஏ. பர்மிங்ஹாமின் அதே பி.எஸ்.ஏ. பெயரில் சென்னை அம்பத்தூரின் டி.ஐ. சைக்கிள்ஸ் தலைமுறை தலைமுறையாக வண்டி விற்றது. ஆகவே ஹெர்குலிஸ் பிரேமில் ஹீரோ கிராங்க் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். சாஹிபாபாத்தில் இருந்த அட்லஸ் ஆலை 2020 ஜூன் 3 அன்று நின்றுபோனது. உலக சைக்கிள் தினம் பார்த்து வந்த சோகம் அது. ஆலை நின்றாலும் அட்லஸ் வண்டி ஓடுவது நிற்கவில்லை. அதன் பாகத்தை வேறு கம்பெனிப் பாகம் ஈடு செய்கிறது.

ஆனால் கோப்பது என்றால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவது அல்ல. கிராங்கைக் கழற்றுவதிலேயே பாதிப் பேர் தோற்றுப்போவார்கள். கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் துருப்பிடித்து இறுகியிருக்கும். ராத்திரி முழுக்க மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, நட்டை மரையின் விளிம்புவரை தளர்த்தி விட்டு, கிராங்குக்கு அடியில் கனமான இரும்பை முட்டுக் கொடுத்து, ஓங்கி ஒரே அடி. பத்துச் சின்ன அடி அடித்தால் மரை மழுங்கி, பின் வளைந்து, டிரில் போடத்தான் வேண்டும். அடுத்தது பேரிங் கப். செயின் இருக்கும் பக்கத்துக் கப் இடமரை. தெரியாமல் வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பினால் கழலாது, இன்னும் இறுகும். உள்ளே பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் இஞ்ச் பால்ஸ். அதில் ஒன்று குழிவிழுந்திருந்தாலும் அத்தனையையும் மாற்றிவிடுவது நல்லது.

சக்கரத்தில்தான் ஆசையும் கணக்கும் மோதும். குரூசர் தோற்றம் வர 26 இஞ்ச் தடித்த டயர் வேண்டும். 28 இஞ்ச் பிரேமில் அதைப் போட்டால் வண்டி சுமார் இரண்டு செ.மீ. இறங்கும், திருப்பத்தில் சாய்ந்து மிதித்தால் பெடல் தரையில் உரசும். பழைய ஹப்பையே காப்பாற்றிக்கொள்ளலாம் என்றால், கறுப்பு சைக்கிளில் முன்னால் 32 கம்பி, பின்னால் 40. புதுவகை 26 இஞ்ச் ரிம்மில் பெரும்பாலும் 36 துளை. ஆகவே ஹப்பும் சேர்த்து மாற்றியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் பிரேக். பழைய கம்பி பிரேக்கின் கட்டை 28 இஞ்ச் ரிம்மின் உள்பக்கத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிப்பது. சக்கரம் சிறுத்தால் அது எதையும் பிடிக்காது. இதை யோசிக்காமல் படத்துக்கு அழகாக வண்டி கட்டி, செருப்பைத் தரையில் தேய்த்து நிறுத்துகிறவர்களை உலகம் முழுக்கப் பார்க்கலாம். பிரேக் இல்லாத சைக்கிள் கலையும் அல்ல, கண்ணியமும் அல்ல.

துருவுக்கும் ஒரு வரம்பு உண்டு. வானம் பார்த்த இந்தக் கரிசல் காட்டில் துரு பெரும்பாலும் மேல்தோலோடு நிற்கும். தூத்துக்குடிக் கடற்கரை வண்டிபோல் குழாய்க்குள் இறங்கித் தின்பது குறைவு. பிரேமின் மேல் துருவை எண்ணெய்த் துணியால் துடைத்து அப்படியே விடலாம், அது அழகுதான். போர்க்கும் ஹேண்டில்பார் தண்டும் மட்டும் புதிதாக இருக்கட்டும். ஓடும்போது இவற்றில் ஒன்று முறிந்தால் முகம் தப்பாது.

பட்டாசு ஊரில் இன்னொரு எச்சரிக்கையும் சேர்கிறது. கிரைண்டர் வைக்கும்போது பறக்கிற பொறியும் கம்பி மத்தாப்பில் பூக்கிற பொறியும் ஒன்றேதான்: காற்றில் எரியும் இரும்புத் துகள். மருந்து புழங்கும் அறைக்குள் இரும்புக் கருவி கூடாது, பொறி தெறிக்காத பித்தளையும் மரமும்தான் என்று இந்த வட்டாரத்துக் குழந்தைக்கும் தெரியும். அப்படியிருக்க, வேலை முடிந்து மருந்துத் தூள் படிந்த உடுப்போடு வந்து வெல்டிங் பட்டறை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பதை யாரும் தடுப்பதில்லை. வெட்டுவதும் பற்றவைப்பதும் வீட்டு முற்றத்தில் வேண்டாம், பட்டறையிலேயே நடக்கட்டும். அங்கேயும் கரண்ட் வெல்டிங் வேண்டாம். மெல்லிய குழாயை அது ஓட்டை போட்டுவிடும். பழைய பிரேம்களை இணைத்ததே பித்தளையை உருக்கித்தான். கேஸ் வைத்துப் பித்தளையில் பற்றவைக்கத் தெரிந்த கை வேண்டும்.

மோட்டார் சைக்கிள் சைலன்சரை மாற்றி ஊரை அலற வைத்து அபராதம் கட்டும் பையன்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, வண்டியைக் கம்பெனி கொடுத்த வடிவத்திலிருந்து இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. மிதிக்கும் சைக்கிளுக்கு அந்தச் சட்டமே கிடையாது. சைக்கிளுக்குத் தகர வில்லையில் லைசென்ஸ் எழுதித் தந்த காலம் மலையேறிவிட்டது. கையில் ஸ்பேனர் இருந்தால் எப்படி வேண்டுமானாலும் கட்டலாம்.

“எக்ஸ்எல் ஓட்டுகிற காலத்தில் இதெல்லாம் வேலைவெட்டி இல்லாதவன் வேலை” என்று சொல்வார்கள். பாதி சரி. துருப்பிடித்த குரூசரில் யாரும் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகப்போவதில்லை. ஆலை வேன் வீட்டுப் பக்கமே வருகிறது. ஆனால் 2018 அக்டோபர் 23 அன்று பட்டாசு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு சிவகாசி ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்ததை இந்த ஊர் மறந்திருக்காது. மருந்து செலுத்துவதைத் தவிர வேறு கைத்தொழில் தெரிந்த இளைஞன் வீட்டில் இருப்பது அப்படிப்பட்ட நாளில் எவ்வளவு தெம்பு! ஒரு சைக்கிளை முழுக்கப் பிரித்துக் கோத்தவனுக்கு மரை, பேரிங், வெல்டிங், சக்கரக் கோட்டம் எடுப்பது எல்லாம் கைவந்துவிடும். பெண்களையும் இதில் விட்டுவிடக் கூடாது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் சைக்கிள் கற்ற பெண்களில் சிலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள், பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று. எடைக்குப் போகிற பிரேம்கள் அதே பார் பிரேம்கள்தான்.

2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பின்னர் அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்தது. இப்போது ஆண்டுக்கு ஐந்து லட்சத்தை ஒட்டி வண்டிகள் வருகின்றன. படிப்பு முடிந்த பின் அவை எங்கே போகின்றன என்று கேட்பார் இல்லை. காவல் நிலைய வளாகங்களில் வழக்குச் சொத்தாகக் கிடந்து மட்கும் சைக்கிள்கள் தனி. விருதுநகர் மாவட்ட நிர்வாகம் அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது: உரிமை கோரப்படாத சைக்கிள்களை இரும்பு வியாபாரிக்கு எடைக்கு ஏலம் விடுவதற்கு முன், ஃபிட்டர், வெல்டர் பிரிவு உள்ள அரசு ஐ.டி.ஐ.க்களுக்கு ஒரு பங்கு ஒதுக்கட்டும். ஒவ்வொரு மாணவரும் தனக்கென்று ஒரு வண்டி கட்டி, பிரேக் சோதனையில் தேறினால் அதையே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும். புதுப்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர்களை வாரத்துக்கு ஒரு நாள் கூப்பிட்டு, சம்பளம் கொடுத்துச் சொல்லித்தரச் செய்யட்டும். இடமரை எந்தப் பக்கம் என்று தெரிந்த அந்தக் கைகளுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.