குழந்தையின் மூச்சும் தாயின் மொழியும்

கச்சான் புரைக்கேறிய ஒரு பிள்ளையின் கதையோடு தொடங்குகிறேன். கதையென்பது சொல்வழக்கு, நடந்தது உண்மை.

எனது கட்சிக்காரர் ஒருவரின் பேரனுக்கு அப்பொழுது இரண்டரை வயது. தமையனின் கையிலிருந்த கச்சானைப் பறித்து வாயிலிட்டுச் சிரித்தபடி ஓடியவன் திடீரெனப் புரைக்கேறி, கண் பிதுங்க இருமி, சிறிது நேரத்தில் ஆறிவிட்டான். மூன்று நாள் கழித்து இழுப்புத் தொடங்கிற்று. குடும்பம் அக்காலத்திற் பிழைப்பின் பொருட்டுத் தென்னிலங்கை நகரொன்றில் இருந்தது. அங்குள்ள வைத்தியசாலைக்குத் தாய் பிள்ளையைக் கொண்டுபோனாள். கச்சான் செய்தியை அவள் தமிழிலே சொன்னாள். ஒருமுறையன்று, போன தடவையெல்லாம் சொன்னாள். கேட்டவர்க்குத் தமிழ் தெரியாது. தொய்வு என்று முடிவுகட்டி மருந்து கொடுத்தனுப்பினர். ஐந்து கிழமை இவ்வாறு சென்றது. கடைசியில், குழந்தைகளின் சுவாச நோய்களையே தனித்துறையாகக் கற்ற நிபுணர் ஒருவரிடம் அவன் போய்ச் சேர்ந்தான். அவரும் தமிழரல்லர். ஆயினும் தமிழறிந்த தாதி ஒருத்தியைத் தேடி அழைத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "இது தொடங்குமுன் பிள்ளைக்கு ஏதாவது புரைக்கேறியதா?" என்று முதற் கேள்வியாகவே கேட்டார். மறுநாள் வலப்பக்கச் சுவாசக் குழாயிலிருந்து அரைக் கச்சான் வெளியே வந்தது.

இதில் எவரையும் எதிரிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. வரிசையிலே நூறு பிள்ளைகள் நிற்க, நூற்றோராவது பிள்ளையைப் பார்த்த வைத்தியரின் களைப்பை நான் அறிவேன். ஆனால் அந்த நிபுணரிடம் இருந்தவை இரண்டு. ஒன்று கல்வி, மற்றொன்று, தாயின் வாய்ச்சொல்லும் ஒரு சான்று என்ற தெளிவு. ஒரு பக்க நெஞ்சில் மட்டும் கேட்கும் இழுப்பைச் சந்தேகிக்க வேண்டும் என்று கல்வி சொல்லிற்று. எதைச் சந்தேகிப்பதென்று தாய் சொன்னாள்.

குழந்தையின் நுரையீரல் பெரியவர் நுரையீரலின் சிறிய அச்சு அன்று. காற்று நுண்ணறைகள் பிறந்த பின்னரும் பல ஆண்டுகள் பெருகி வளர்கின்றன. குழாய்களோ மிக ஒடுங்கியவை. ஒரு குழாயின் விட்டம் பாதியாகக் குறைந்தால், அதனூடு காற்றுச் சீராய்ச் செல்வதற்கான தடை இருமடங்கன்று, பதினாறு மடங்காகும் என்பது பௌதிக விதி. நமக்கு வெறும் தடிமனாய்ப் போகும் கிருமி கைக்குழந்தையை மூச்சுக்குத் தவிக்க வைப்பதன் காரணம் இதுவே. இரண்டு வயதுக்குட்பட்டோரின் நுண்குழாய் அழற்சி பெரும்பாலும் வைரசினால் வருவது. அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பயன் தராது. பாலும் நீரும் இறங்கச் செய்வதும், வேண்டுமிடத்து ஒட்சிசன் கொடுப்பதுமே வைத்தியம். ஆயினும் "சிவத்த மருந்து தாருங்கள்" என்று மருந்துக்கடைக்காரரோடு வழக்காடும் தகப்பன்மாரை நான் கண்டிருக்கிறேன்.

நியூமோனியாவின் செய்தி வேறு. 2019 ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட 7 இலட்சத்து 40 ஆயிரம் குழந்தைகளை அது கொண்டுபோயிற்று. இதனை இனங்காண நிபுணர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கையிலொரு மணிக்கூடு போதும். பிள்ளை அழாது அமைதியாயிருக்கையிற் சட்டையை உயர்த்தி, வயிறும் நெஞ்சும் எழுவதை ஒரு முழு நிமிடம் எண்ணுக. இரண்டு மாதத்திற்கு உட்பட்ட சிசு 60 அல்லது அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது நிரம்பும் வரை 50 அல்லது அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேலும் மூச்சு விட்டால் அது விரைந்த மூச்சு. பிள்ளையைத் தாமதமின்றி வைத்தியரிடம் காட்டுக. மூச்சை உள்ளிழுக்கும்போது விலாவின் கீழ்ப்புறம் குழிந்தால், உதடு நீலித்தால், பிள்ளை பால் குடிக்க மறுத்துச் சோர்ந்தால், எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம், வண்டியைப் பிடிக்க. நெல்மூடை எண்ணத் தெரிந்த நம் கமக்காரருக்கு இது அரிய வித்தையன்று.

தொய்வைப் பற்றி நம்மவரிடையே உலவும் அச்சமொன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. இழுத்தெடுக்கும் மருந்தைத் தொடங்கினாற் பிள்ளை அதற்கு அடிமையாகிவிடும் என்பர். படித்த குடும்பங்களிலும் இதைக் கேட்கிறேன். குளிசையாகவும் பாணியாகவும் விழுங்கிய மருந்து உடல் முழுவதும் சுற்றி வருவது. இழுத்தெடுக்கும் மருந்தோ மிகச் சிறிய அளவில் நேரே குழாயிற் போய்ப் படிவது. 1969 இல் இங்கிலாந்தில் வந்த வென்ரொலின் இறுகிய குழாயை விரிக்கும். அழற்சியை அடக்குவது அதன் வேலையன்று. அதற்கு நாள்தோறும் எடுக்கும் தடுப்பு மருந்து வேறு உண்டு. முன்னதை மட்டும் வாங்கிப் பின்னதைக் கைவிடுவதனாலேயே பல பிள்ளைகள் திரும்பத் திரும்ப விடுதியிற் கிடக்கின்றன. சிறு பிள்ளைக்கு மருந்தை வாயில் நேரே அடிப்பதும் வீண். காற்றறை பொருந்திய குழாயொன்றினூடு கொடுத்தாலே அது நெஞ்சைச் சேரும். இவ்வளவும் தாய்க்கு விளங்கும் மொழியிற் பத்து நிமிடம் சொல்லிக்கொடுக்க வேண்டியவை. எவர் சொல்லிக்கொடுக்கிறார்?

நம் பங்குக் குற்றத்தையும் ஒப்புக்கொள்வோம். காற்றுப் போக வழியில்லாத குசினியிற் பன்னாடையும் பச்சை விறகும் புகைய, இடுப்பிலே பிள்ளையோடு சோறு வடிக்கிறோம். வளவு கூட்டிய குப்பையைப் பொலித்தீனோடு சேர்த்துக் கொளுத்துகிறோம். சுருட்டுப் பிடித்த கையாலேயே பேரனைத் தூக்குகிறோம். 2022 டிசெம்பர் 9 ஆம் திகதி காற்றின் மாசு மிகுந்தமையால் பாடசாலைகளை மூடியபோது, இந்தியாவிலிருந்து வந்த காற்று என்று எல்லோரும் விரல் நீட்டினோம். அது பெருமளவு உண்மையே. அன்று மாலையும் நம் வளவுகளிற் குப்பை எரிந்தது.

இனி அரசின் பங்கு. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் நம் மொழியைக் கந்தோர் வாசலுக்கு வெளியே நிறுத்திற்று. 1987 இற் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்றது. 1988 இற் பதினாறாம் திருத்தம், சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பகுதியிலும் அரச உத்தியோகத்தரோடு தமிழிலே கருமமாற்றும் உரிமையைத் தந்தது. நீதிமன்றில் வழக்காளியோ எதிரியோ அந்த மன்றின் மொழியை அறியாராயின் அரசு செலவில் மொழிபெயர்ப்புப் பெற அரசியலமைப்பே இடந்தருகிறது. தேங்காய் திருடியவனுக்குக் கிடைக்கும் அந்த உதவி, மூச்சுத் திணறும் பிள்ளையின் தாய்க்கு எந்த நியாயத்தால் மறுக்கப்படுகிறது? விடுதியில் நிற்கும் அரச வைத்தியர் அந்தப் பிரிவின் பொருளில் அரச உத்தியோகத்தர் அல்லர் என்று எவரும் வாதிடுவாராயின், அவ்வாதத்தை மன்றிலே கேட்க நான் ஆவலாயிருக்கிறேன்.

தமிழ் மருத்துவத்துக்கு ஏலாத மொழி என்று சொல்வார்க்கு மானிப்பாயைக் காட்டலாம். 1847 இல் அமெரிக்காவிலிருந்து வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அங்கே தமிழ் கற்று, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, உடற்கூறும் இரணவைத்தியமும் தமிழிலே நூலாகச் செய்தார். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் அந்நியரொருவருக்கு இயன்றது, இன்று ஓர் அமைச்சுக்கு இயலாதாம்!

குழந்தைச் சுவாச நிபுணர் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. குழாய்க்குட் கருவி செலுத்திக் கச்சானை எடுக்க அவரே வேண்டும். நாலு கிழமைக்கு மேல் நீளும் சளி இருமலை ஆராயவும் அவர் வேண்டும். ஆனால் நிபுணர் ஒருவரை நியமித்து, படமெடுத்து, மாலையிட்டு, அதோடு கடமை தீர்ந்ததென்று கலைந்து போவோமாயின் வவுனிக்குளத்துப் பிள்ளைக்கு அதனால் ஆவதொன்றுமில்லை. போதனா வைத்தியசாலை மத்திய அரசின் கையில். பிரதேச வைத்தியசாலை மாகாணத்தின் கையில். 2013 இல் நாம் தெரிந்தெடுத்த வட மாகாண சபையின் காலமோ 2018 ஒக்ரோபரில் முடிந்தது. ஆகவே இரு வாசலிலும் தட்ட வேண்டியிருக்கிறது.

கேட்பவை பெரியனவல்ல. பிரதேச வைத்தியசாலை ஒவ்வொன்றிலும் பிள்ளை விரலுக்குப் பொருந்தும் ஒட்சிசன் அளவி. தொய்வுப் பிள்ளைக்குக் காற்றறைக் குழாய் இலவசமாக. மருந்தின் பெயரும் நேரமும் தமிழிலெழுதிய அட்டை. பிற மாகாணப் பெரிய வைத்தியசாலைகளின் குழந்தை விடுதியில், இரவிலும், தமிழறிந்த ஒருவர். இக்கோரிக்கைகளை மனுவாக எழுதித் தருவதற்கு நான் ஆயத்தம். கிராமந்தோறும் கமக்காரர் அமைப்புக் கூட்டங்களில் அதனை வாசித்துக் கையொப்பம் சேர்க்கும் வேலையை ஆசிரியர்களும் தாதியரும் ஏற்க வேண்டும். வெளியூர் வைத்தியசாலையில் மொழியால் இடர்ப்பட்டவர்கள் திகதியையும் விடுதியையும் நடந்ததையும் ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். மருந்துத் துண்டையும் எறிந்துவிடாதீர்கள். மனுவோடு இணைப்பதற்கு அவை வேண்டும்.