எண்ணெய்க் கிணறும் கரிவாயுக் கணக்கும்

தமிழ்ப்பாடம் கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட யாம் எண்ணெய்க் கிணறுகளைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு, "இவர்க்கு இஃது ஏன்?" என்று எம் பழைய மாணவருட் சிலரேனும் நகைத்தல் கூடும். ஆயின், ஒரு பொருளுக்கு இட்ட பெயர் அதற்குப் பொருந்துமா என்று ஆராய்தல் மொழியாசிரியன் கடமைகளுள் ஒன்றன்றோ? முதுமையுற்ற எண்ணெய் வயல்களுட் காபனீரொட்சைட்டைச் செலுத்தி, எஞ்சிய எண்ணெயை வெளிக்கொணரும் முறையொன்று உண்டு. வளிமண்டலத்தைக் காக்கும் முறை என்றும் அதனை இந்நாளிற் சிலர் போற்றுகின்றனர். அப்புகழ் எவ்வளவிற்குத் தகும் என்பதே எமது வினா.

முதலில் அம்முறையின் இயல்பை அறிதல் வேண்டும். நிலத்தினடியில் எண்ணெய் ஏரிபோலத் தேங்கிக் கிடப்பதாகப் பலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று, பாறையின் நுண்ணிய துளைகளில், எள்ளினுள் எண்ணெய் போல, ஊறிக் கிடப்பது அது. கிணறு தோண்டியதும் இயற்கை அமுக்கத்தால் வெளிவருவது நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பங்கே. நீரைச் செலுத்தி உந்தினால் மொத்தம் 20 முதல் 40 பங்கு வரை கிடைக்கும். எஞ்சியது, செக்கிலாட்டிய பின்னரும் பிண்ணாக்கிற் கிடக்கும் எண்ணெய்போலப் பாறையைப் பற்றிக்கொண்டு கிடக்கும். எண்ணெயும் நீரும் கலவாதனவாதலின், எத்துணை நீர் செலுத்தினும் அதனை முற்றக் கழுவிக் கொணர முடியாது.

இங்கேதான் காபனீரொட்சைட்டு துணை புரிகின்றது. வெப்பம் 31 பாகைக்கு மேலும், அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் 73 மடங்குக்கு மேலும் செல்லுமிடத்து, அவ்வாயு திரவம்போன்ற செறிவையும் எங்கும் புகுந்து செல்லும் வாயுவின் இயல்பையும் ஒருங்கே பெறுகின்றது. நிலத்தின் ஆழத்தே இந்நிலை எளிதில் வாய்க்கும். அப்போது அது எண்ணெயுடன் கலந்து, அதனைப் பருக்கச் செய்து, அதன் தடிப்பைக் குறைத்து, ஓட வைக்கின்றது. வெளிவந்த எண்ணெயினின்றும் வாயுவைப் பிரித்து மீண்டும் உட்செலுத்துவர். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகுதி வாயு பாறையுள்ளேயே தங்கிவிடும். இவ்வகையால் மொத்த விளைவு 30 முதல் 60 பங்கு வரை உயர இடமுண்டு. மனித அறிவின் நுட்பத்துக்கு இஃதொரு நற்சான்று என்பதில் எமக்கு ஐயமில்லை.

இம்முறை புதியதுமன்று. அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் 1948இற் கண்டறியப்பட்ட கெலி-ஸ்னைடர் வயலில் 1972ஆம் ஆண்டிலேயே இது பெருமளவிற் கையாளப்பட்டது. இயற்கைவாயுவைத் துப்புரவு செய்யும் நிலையங்களில் வீணே வானில் விடப்பட்டுவந்த காபனீரொட்சைட்டை ஏறத்தாழ 350 கிலோமீற்றர் நீளமான குழாய்வழியே ஆங்குக் கொணர்ந்தனர். வளிமண்டலத்தைக் காப்பது அன்று அவர்தம் நோக்கமன்று, எண்ணெயே நோக்கம். பின்னர் வாயுவின் தேவை பெருகவே, கொலராடோவின் மக்கெல்மோ, நியூ மெக்சிக்கோவின் பிராவோ முதலாய இடங்களில் நிலத்தடியில் இயற்கையாக அடைபட்டுக் கிடந்த காபனீரொட்சைட்டையே துளையிட்டு எடுக்கலாயினர். அந்நாட்டு வயல்களுட் செலுத்தப்பட்ட வாயுவிற் பெரும்பகுதி இத்தகையதே.

இதனை வாசகர் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். பன்னெடுங்காலமாக ஒருவர்க்கும் தீங்கின்றி நிலத்தடியிற் கிடந்த வாயுவை ஓரிடத்தில் எடுத்து, மற்றோரிடத்திற் புதைத்து, அதன் வலியால் எண்ணெயை எடுத்து எரிக்கின்றோம். இதனால் வானிற் குறைந்த கரி யாது? ஒன்றுமில்லை, கூடியதே உண்டு. இதற்குக் காக்கும் முறை என்று பெயரிடுவது, கோவில் வயலை விற்றவனுக்குத் தருமகர்த்தா என்று பட்டஞ் சூட்டுவதை ஒக்கும்.

மற்றொரு வகை உண்டு. கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்து வேபேர்ண் வயல் 1954இற் கண்டறியப்பட்டது. எல்லைக்கப்பால் வட டக்கோட்டாவிற் பழுப்பு நிலக்கரியிலிருந்து எரிவாயு செய்யும் ஆலையொன்றின் கழிவாகிய காபனீரொட்சைட்டு, ஏறத்தாழ 320 கிலோமீற்றர் குழாய்வழி வந்து, 2000ஆம் ஆண்டு முதல் அவ்வயலுட் செல்கின்றது. வாயு பாறையுள் எவ்வாறு பரவுகின்றது என்பதைப் பன்னாட்டு அறிஞர் பல்லாண்டு கண்காணித்தனர். இரண்டு கோடித் தொன்னுக்கு மேற்பட்ட வாயு அங்கே புதைந்துள்ளது. புகைபோக்கி வழியே வானேற வேண்டியதனைத் தடுத்து மண்ணில் இறக்கினர் என்பதால், இதனை முன்னையதனோடு ஒன்றாக வைத்துத் தூற்றுதல் நேர்மையன்று.

ஆயினும் இதற்கும் முழுக் கணக்குப் பார்த்தல் வேண்டும். ஒரு பீப்பாய் எண்ணெய் எடுக்க 300 முதல் 600 கிலோகிராம் வரை காபனீரொட்சைட்டு செலுத்தப்படுகின்றது. அப்பீப்பாய் எரிந்து வெளிவிடுவது ஏறத்தாழ 430 கிலோகிராம். எனவே சிலவிடத்துப் புதைந்தது மிகும். சிலவிடத்து எரிந்தது மிகும். புதைத்ததை மட்டும் முரசறைந்து சொல்லி, எரித்ததைச் சொல்லாது விடுவது, மூத்த மகளின் நகையை மீட்க இளைய மகளின் நகையை அடகு வைத்தவன், "கடன் தீர்ந்தது" என்பதை ஒக்கும்.

"எண்ணெயை எவ்வாறாயினும் உலகம் எரிக்கத்தான் போகின்றது, புதிய கடலையும் காட்டையும் துளைப்பதினும் பழைய வயலிலே எஞ்சியதை எடுப்பது நன்றன்றோ?" என வினவுவார் உளர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. பழைய வயலுக்குப் பாதையும் குழாயும் முன்னரே உள. அதன் பாறையின் இயல்பும் நன்கு அறியப்பட்டது. ஆயின், பழையதில் எடுத்தமையாற் புதியதைத் துளையாது விட்டனர் என்பதற்குப் பிணை யாவர்? எண்ணெய் மிகுந்தால் விலை தாழும். விலை தாழ்ந்தால் நுகர்வு வளரும். இது சந்தைக்குச் சென்றார் யாவரும் அறிந்ததே.

இவ்வேறுபாட்டை அரசுகளும் ஒருகால் உணர்ந்திருந்தன. அமெரிக்காவின் 2022ஆம் ஆண்டுச் சட்டம், ஆலைகளிற் பிடித்த வாயுவை வெறுமனே புதைப்பார்க்குத் தொன்னுக்கு 85 டொலர் வரையும், எண்ணெய் எடுக்கப் பயன்படுத்துவார்க்கு 60 டொலர் வரையும் வரிச்சலுகை தந்தது. 2025ஆம் ஆண்டுச் சட்டமோ புதிதாய் அமையும் நிலையங்களுக்கு இவ்விரண்டையும் 85 டொலராகச் சமன் செய்துவிட்டது. விற்று வாழ எண்ணெயும் பெறுபவனுக்கும், புதைத்தலன்றி வேறு பயன் பெறாதவனுக்கும் ஒரே பரிசு என்றால், வெறுமனே புதைப்பார் யார்? இரண்டையும் ஒரே பெயரால் அழைத்ததன் விளைவு இது என்பது எம் துணிபு.

குழாய்வழி அண்டை வாழ்வாரையும் மறத்தலாகாது. 2020ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆந் திகதி, மிசிசிப்பி மாநிலத்துச் சற்றாஷியா என்னும் சிற்றூரின் அருகே, கனமழையின் பின் மண் சரிந்து காபனீரொட்சைட்டுக் குழாய் வெடித்தது. காற்றினுங் கனத்த அவ்வாயு தாழ்நிலத்தே படர, மக்கள் மூச்சுத்திணறினர். வண்டிகளின் இயந்திரங்களும் நின்றன. ஏறத்தாழ 200 பேர் ஊரை விட்டகன்றனர். 45 பேர் வைத்தியசாலையை நாடினர். உயிரிழப்பு நேராமை நற்பேறே. அவ்வூராரின் இடரும் கணக்கில் ஏற வேண்டாவோ?

ஆதலின் எமது கருத்து இதுவே: இம்முறையை எண்ணெய்த் தொழில் என்றே அழைப்போம். இயற்கைக் கிடங்கினின்றும் எடுத்த வாயுவால் நடப்பதற்குக் காப்பு என்னும் பெயர் வேண்டா. ஆலைப்புகையிற் பிடித்த வாயுவாயின், எரியும் எண்ணெயையும் சேர்த்துக் கணக்கிட்ட பின்னரே புகழுரை வழங்குக. வெறுமனே புதைப்பார்க்கு மிகுந்த பரிசு நிலைக்கட்டும்.

எம் கல்லூரியிற் பயின்று பொறியியல் வல்லாராய் விளங்குவார் பலர். இம்மலரைக் கையிலேந்தும் மாணவருள் நாளை அவ்வாறு ஆவாரும் உளர். பாறையின் துளையுட் புகுந்து எண்ணெயை வெளிக்கொணரும் அந்நுட்பத்தைப் பிழையறக் கற்பீர்களாக. அறிக்கை எழுத அமருங்கால், வரவு எழுதிய தாளிலேயே செலவையும் எழுதுவீர்களாக. சொல் பொருளினின்றும் வழுவாது நிற்றல் வேண்டுமென்று இலக்கண வகுப்பில் யாம் வற்புறுத்தியது பரீட்சைக்காக மட்டுமன்று.