நாற்காலிக்கு யார்?

மென்செஸ்டர் யுனைட்டட்டின் பிரதம நிறைவேற்று அதிகாரியாக இருந்த ரிச்சர்ட் ஆர்னோல்ட் 2023இல் விலகினார். அடுத்தது யார் என்று ரசிகர்கள் நாங்கள் இரவிரவாகச் சண்டை பிடித்தோம்.

2013இல் பேர்கசன் போனபோது எல்லோரும் கலங்கினோம். அதே வருடம் டேவிட் கில்லும் போனார். அதை எங்களில் எத்தனை பேர் கவனித்தோம்? வீரர்களை வாங்கும் பொறுப்பு, வங்கித் தொழிலிலிருந்து வந்த எட் வூட்வார்டின் கைக்குப் போனது. பிறகு இன்றுவரை பிரீமியர் லீக் பட்டம் இல்லை.

ஆகவே பெயரை விடுவோம். கணக்குத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உதைபந்தாட்டம் தெரிந்தவரிடம் அந்த வேலையைக் கொடுத்துவிட்டு, ஒதுங்கி நிற்கத் தெரிந்தவர்தான் எங்களுக்கு வேண்டும். 2005இல் கடன் வாங்கிக் கழகத்தை வாங்கி, அந்தக் கடனைக் கழகத்தின் தலையிலேயே கட்டிய கிளேசர் குடும்பம் அதற்கு விடுமா? சண்டை பிடிப்பதென்றால் இதைக் கேட்டுப் பிடிப்போம்.